தோரு திருந்தினான், ஷெண்டு ஏன் திருந்தவில்லை?

குழந்தைகள் பார்க்கும் ஒரு கார்ட்டூன் தொடரைப் பற்றி நம் சமயப் பத்திரிகையில் எழுதலாமா என்னும் தயக்கம் நமக்குச் சில மாதங்களாகவே இருந்தது. புராணத்தையும் சாத்திரத்தையும் எழுத வேண்டிய பக்கங்களில் பொம்மைப் படத்திற்கு என்ன வேலை என்று பெரியவர்கள் வினவுவார்கள். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் நம் பிள்ளைகள் தீமை இன்னதென்று முதன்முதலில் அறிவது இன்று ஸ்ரீபுராணத்திலிருந்தன்று, தொலைக்காட்சியிலிருந்தும் கைபேசியிலிருந்தும்தான். தீயவன் ஏன் தீயவனானான், அவனை என்ன செய்ய வேண்டும் என்னும் இரண்டு வினாக்களுக்கும் அங்கே ஏதோ ஒரு விடை அவர்களுக்குக் கிடைத்து விடுகிறது. அந்த விடை எத்தகையது என்று பார்ப்பது பெற்றோர்க்கும் பாட்டிமார்க்கும் உரிய கடமையே.

தொடரின் பெயர் ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து பருவங்களாக, 95 பகுதிகளாக ஒளிபரப்பாகியது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுட்டி டிவி இதனைத் தமிழ்ப்படுத்தி வழங்கவே, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது தம் ஊர்க் கதை போலாயிற்று. மதுரை கே.கே. நகரில் நம் வீட்டிலும் அப்படித்தான். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்க வேண்டும் என்னும் நம் குல வழக்கத்திற்கும் இத்தொடருக்கும் மாலைதோறும் ஒரு சிறு போர் நடக்கும். பேரனுக்கு ஊட்டிக்கொண்டே பார்த்ததில் நமக்கும் கதை மனப்பாடமாயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு எதைக் கண்டாலும் பாடக்குறிப்பு எழுதத் தோன்றும் என்பார்கள், அக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம்.

அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லி விடுகிறோம். ஜாக்கி ஒரு தொல்பொருள் ஆய்வாளர். அண்ணன் தம்பி வழியில் அவருக்கு மகள் முறையாகும் ஜேட் என்னும் துடுக்குச் சிறுமி அவருடன் இருக்கிறாள். ‘அங்கிள்’ என்றே எல்லோராலும் அழைக்கப்பெறும் முதியவர் ஒருவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் பழம்பொருட்கடை வைத்திருக்கிறார். மந்திர நூல்கள் கற்றவர், எப்போதும் கடிந்து பேசுபவர். இவர்களுக்கு எதிரியாக வருபவன் ஷெண்டு என்னும் நாக அசுரன். முற்காலத்தில் மக்களை ஒடுக்கி ஆண்ட அவனைக் கல்லாக்கி, அவனுடைய ஆற்றல்களைப் பன்னிரண்டு காப்பு வில்லைகளாகப் பிரித்து உலகெங்கும் சிதறடித்து விட்டார்கள். அவற்றைத் தேடித் தருமாறு வால்மாண்ட் என்னும் கள்ளக் கூட்டத் தலைவனுக்கு ஷெண்டு ஆசை காட்டுகிறான். வால்மாண்டின் அடியாட்களில் முதல்வன் தோரு, மலை போன்ற உடல் கொண்ட ஜப்பானிய மல்லன். முதற்பருவத்தில் கதவை உடைத்துக்கொண்டு வந்தவன், இரண்டாம் பருவத்தில் அங்கிளின் கடையிலேயே சீடனாகி மருந்து அரைத்துக்கொண்டிருக்கிறான்!

பின்வந்த பருவங்களில் டாலோன் வாங் என்னும் தீய மந்திரவாதியும், நிழற்படைகளின் தலைவன் தாரகூடோவும், இறுதியில் ஷெண்டுவின் மகன் டிராகோவும் பகைவராக வருகின்றனர். கடைசிப் பகுதியில் தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பொருதுகொண்டே பாதாள உலகத்துக்குள் தள்ளப்படுகின்றனர். கதவு மூடப்படுகிறது.

அன்று ஏழு வயதினனாக இருந்த பேரன் அப்போது கேட்டான்: “பாட்டி, ஷெண்டு திரும்பி வருவானா?” தொடர் முடிந்துவிட்டது, இனி வரமாட்டான் என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, இவ்வாண்டு, அதே பேரன் தன் அக்காள் மகளுக்குக் கைபேசியில் அப்பழைய தொடரைக் காட்டிக்கொண்டிருந்தான். அக்குழந்தையும் வேறொரு வினாவைக் கேட்டாள்: “தோருவ மட்டும் வீட்டுக்குள்ள சேத்துக்கிட்டாங்களே, ஷெண்டுவ ஏன் சேத்துக்கல?” இக்கட்டுரை எழுந்தது அந்த வினாவால்தான்.

தீயவர்களின் நோக்கம் யாது? நம் ஆகமம் இதற்கு நான்கே சொற்களில் விடை தருகிறது: குரோதம், மானம், மாயை, லோபம். இந்நான்கும் கஷாயங்கள் எனப்படும். (கஷாயம் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் சுக்கு மிளகை நினைத்து முகஞ்சுளிக்கிறார்கள். துணியில் கறையேற்றும் சாயத்தை நினைத்துக்கொண்டால் பொருள் எளிதில் விளங்கும்.) இத்தொடரின் தீயவர்களை இந்நான்கில் வகைப்படுத்துவது மாணவர்க்குத் தரத்தக்க நல்ல பயிற்சி. வால்மாண்ட் வெறும் லோபி. அவனுக்கு உலகை அழிக்க வேண்டும் என்னும் எண்ணமே இல்லை. பொன் வேண்டும், அவ்வளவே. டாலோன் வாங்கிடம் இருப்பது மானம் என்னும் செருக்கு. தன்னினும் வல்லவன் இருக்கலாகாது என்பது அவன் நோய். டிராகோவுக்கும் அதுவே; தந்தையினும் தான் உயர்ந்தவன் என்று காட்ட வேண்டும். ஷெண்டுவிடம் நான்கும் இருப்பினும் முதல் நிற்பது குரோதம். தன்னைக் கல்லாக்கியவர்கள் மீதும், அவர்களின் வழிவந்தோர் மீதும், உடன்பிறந்த அசுரர்கள் மீதும் அவனுக்கு ஆறாத வன்மம் இருக்கிறது. அவ்வுடன்பிறப்புகளும் அவனை வெறுக்கின்றனர்.

தோருவுக்கோ இவற்றுள் எதுவும் ஆழமாக இல்லை. அவன் கூலிக்கு வேலை செய்பவன். வலிமையைத் தவிர விற்பதற்கு வேறொன்றுமில்லாத உடலைக் கெட்டவன் ஒருவன் முதலில் விலைக்கு வாங்கிவிட்டான். பின்னாளில் அவனுடைய அன்னையைத் தொடரில் காட்டுகிறார்கள். உருவிற் சிறிய, வாய் ஓயாத அம்மூதாட்டியின் முன் அம்மலை நடுங்குவதைக் கண்டு குழந்தைகள் சிரிப்பர். நாமும் சிரித்தோம். எந்த அடியாளும் ஒரு வீட்டிலிருந்து வந்தவனே என்பது குழந்தைகளுக்கு இச்சிரிப்பின் ஊடாக விளங்கிவிடுகிறது.

ஆனால் நோக்கத்தின் வகையைச் சொல்வதோடு நம் ஆசாரியர்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கஷாயத்திற்கும் நான்கு ஆழங்கள் வகுத்தனர். அனந்தானுபந்தி, அப்ரத்யாக்யானம், பிரத்யாக்யானம், சஞ்ஜ்வலனம் என்பன அவை. குரோதத்தின் இந்நான்கு நிலைகளுக்கு முறையே கல்லில் கீறிய கோடு, நிலத்தில் விழுந்த வெடிப்பு, மணலில் இழுத்த கோடு, நீரில் இழுத்த கோடு என உவமை கூறுவர். நீரில் இழுத்தது கையை எடுக்குமுன் மறையும். மணலில் இழுத்தது காற்றடித்தால் போகும். நிலத்தின் வெடிப்பு மழை வந்தால் மூடும். கல்லில் கீறியதோ நிற்கும். கால அளவும் கூறியுள்ளனர்: சஞ்ஜ்வலனத்தின் பதிவு ஒரு முகூர்த்தத்திற்குள் அடங்கும், பிரத்யாக்யானம் பதினைந்து நாள், அப்ரத்யாக்யானம் ஆறு மாதம், அனந்தானுபந்தியோ பிறவிகளைக் கடந்தும் தொடரும்.

மதுரையில் வாழ்வோர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. நம் மாடியில் நின்றால் ஆனைமலை தெரிகிறது. அங்கே அச்சணந்தி முனிவர் காலத்தில் செதுக்கிய அருகன் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. மாங்குளத்து மலையில் நெடுஞ்செழியன் காலத்துத் தமிழிக் கல்வெட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்குமாறு இருக்கிறது. கல்லில் கீறினால் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ! மணற்கோட்டுக்கு வைகை இருக்கிறது. வெள்ளம் வரும் நாள்தான் குறைவு.

ஆக, முதல் நோக்கில் விடை எளிது. தோருவின் தீமை மணற்கோடு, அழிந்தது. ஷெண்டுவின் தீமை கற்கோடு, அழியவில்லை. இவ்வளவுதானா என்றால், இல்லை. இவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. ஏனெனில் தோருவின் கோடு தானாக அழிந்துவிடவில்லை. அழிப்பதற்கு ஒருவர் கை வைத்தார். ஷெண்டுவின் கோட்டில் யாரும் கை வைத்ததே இல்லை.

தோரு திருந்திய முறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவனுக்கு யாரும் நீதி போதிக்கவில்லை. கூட்டத் தலைவனால் கைவிடப்பட்டு நின்றவனை அக்கடைக்காரக் குடும்பம் உள்ளே அழைத்துக்கொண்டது. அதன்பின் அவனுக்கு வேலை கிடைத்தது, வசவு கிடைத்தது, உண்ண இடம் கிடைத்தது. அங்கிளை அவன் ‘சென்ஸேய்’ என்று, அதாவது ஆசான் என்று அழைக்கிறான். அவரோ அவனைப் புகழ்வதே இல்லை. மருந்தைச் சரியாக அரைக்கவில்லை என்று ஏசுகிறார். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பில் அடங்காத பையனிடம் கரும்பலகையைத் துடைக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பார் என்று எங்களுக்குக் கற்பித்த அம்மையார் சொல்வார். அங்கிள் செய்தது அதைத்தான். நம்பிவிட்டேன் என்று வாயால் சொல்வதைக் காட்டிலும், பூட்டாத அறையில் ஒருவனை வேலைக்கு விடுவது பெரிய நம்பிக்கை.

களவைத் தொழிலாகக் கொண்டிருந்த வைப்பர் என்னும் பெண்ணும் இத்தொடரில் நல்லோர் பக்கம் வந்துவிடுகிறாள். அவள் கதையில் அத்தனை ஆழமில்லை. ஜேட்டின் கதை ஒன்று மட்டும் இங்கே குறிக்கத் தக்கது. தன் சில்லறை வேலைகளைச் செய்விக்கலாமே என்று அச்சிறுமி நிழற்படையை ஏவும் மந்திரக் குறியொன்றைத் தன் உடலில் பதித்துக்கொள்கிறாள். குறி வளர வளர அவளே நிழற்படையின் அரசியாகி, தன்னை வளர்த்தவர்களையே எதிர்க்கிறாள். நல்ல குழந்தை, சோம்பலில் தொடங்கி, கொடுமையில் முடிந்தாள்! வினை ஆசிரவித்தல் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் நல்ல கதையை நாம் கண்டதில்லை.

இன்னொன்று, புலி வில்லை. அது சமநிலையின் காப்பு. அது இரண்டாகப் பிளக்கும்போது ஜாக்கியும் இருவராகிறார். ஒருவர் முழுதும் நல்லவர், ஒருவர் முழுதும் தீயவர். குழந்தைகள் இதனை மிகவும் விரும்புவர். ஆனால் இங்கே நாம் அவர்களைத் திருத்த வேண்டியுள்ளது. தீமை என்பது ஆன்மாவின் பாதி என்பது நம் கொள்கையன்று. ஆன்மாவின் இயல்பு அறிவும் காட்சியும். தீமை அதன்மேல் படிந்த வினை. பொன்னில் களிம்பு இருந்தால் பொன்னில் பாதி களிம்பு என்று பொற்கொல்லர் சொல்லமாட்டார். தோருவுக்குள் நல்ல தோரு ஒருவன் ஒளிந்திருந்தான் என்பதினும், தோரு என்பவனே நல்லவன், மேலே வேறொன்று படிந்திருந்தது என்பதே நமக்கு உடன்பாடு. அப்படியானால் ஷெண்டுவும் அத்தகையவனே! இங்கேதான் தொடர் தன் கதவை மூடிவிடுகிறது. நம் புராணங்கள் திறந்து வைத்திருக்கின்றன.

கமடனை நினைவு கூர்வோம். மருபூதியின் தமையன் அவன். தம்பியின் மனைவியிடம் தகாதன செய்து அரசனால் நாடு கடத்தப்பட்டவன். தவறு தன்னது, அவமானமும் தன்னால் வந்தது, ஆனால் வன்மம் தம்பி மீது. மன்னிப்புக் கேட்டுத் தேடி வந்த மருபூதியின் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றான். தீங்கு செய்யப்பட்டவன் மன்னிப்புக் கேட்க வருகிறான், தீங்கு செய்தவனுக்கு அது பொறுக்கவில்லை! இத்தனை நுட்பமான தீயவனைத் திரைப்படக்காரர்கள் இன்னும் படைக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். அங்கே விழுந்த கற்கோடு பத்துப் பிறவிகள் தொடர்ந்தது. மருபூதி பார்சுவநாதராகத் தவத்தில் நின்றபோது, கமடன் சம்பரன் என்னும் தேவனாகி இடியும் மழையும் பாறையும் பொழிந்தான். தரணேந்திரனும் பத்மாவதியும் காத்தனர். பகவானுக்குக் கேவலஞானம் தோன்றியது. உத்தரபுராணம் அதன்பின் சொல்வதுதான் நமக்கு வேண்டியது: சம்பரன் தணிந்து நற்காட்சி பெற்றான். அவனை யாரும் கல்லாக்கவில்லை, பாதாளத்தில் அடைக்கவுமில்லை. கழுகுமலைச் சிற்பத்தில் பகவானுக்கு மேலே பாறை தூக்கி நிற்பவனும் அவனே, கீழே வணங்கி இருப்பவனும் அவனே. ஒரே கல்லில் இரண்டையும் சிற்பி வைத்திருக்கிறார். அக்கற்கோடும் அழியும் என்று ஒரு கல்லிலேயே எழுதி வைத்தது போல.

பலியின் கதையும் அத்தகையதே. அஸ்தினபுரத்தில் அகம்பனாசாரியரையும் எழுநூறு முனிவர்களையும் தீயிட்டு வருத்திய அவ்வமைச்சனை விஷ்ணுகுமார முனிவர் குள்ள வடிவெடுத்து அடக்கினார். பிற சமயத்தார் கூறும் வாமனன் கதையில் பலி பாதாளம் புகுகிறான். நம் கதையில் அவன் பிழை பொறுக்க வேண்டிச் சிராவகனாகிறான். இரட்சாபந்தனத்தன்று இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முடிவை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றினும் நம் தமிழுக்கே உரிய மேருமந்தர புராணம் இவ்வினாவை நேருக்கு நேராக எடுத்துக்கொள்கிறது. வாமன முனிவர் இயற்றிய அந்நூலில், தவத்தில் நின்ற சஞ்சயந்த முனிவரை வித்தியாதரன் ஒருவன் துன்புறுத்துகிறான். முனிவர் அதனைப் பொறுத்து வீடடைகிறார். முற்பிறவிப் பாசத்தால் அங்கு வந்த தரணேந்திரன் சினந்து, அவ்வித்தியாதரனைக் கட்டி அழித்துவிட முனைகிறான். யார் தடுப்பது? ஆதித்தியாபன் என்னும் தேவன் தடுக்கிறான். தடுத்து, இது இன்று தொடங்கிய பகையன்று என்று பழம்பிறப்புகளைச் சொல்லத் தொடங்குகிறான். சத்தியகோஷன் என்று பெயர் பெற்ற அமைச்சன் ஸ்ரீபூதி, பத்திரமித்திரன் என்னும் வணிகன் நம்பி ஒப்படைத்த மணிகளை இல்லையென்று சாதித்ததும், அரசி ராமதத்தை சூதாட்டத்தில் அவனுடைய மோதிரத்தையும் பூணூலையும் வென்று அவற்றைக் காட்டி மணிகளை மீட்டதும், தண்டனை பெற்ற அவ்வமைச்சன் பாம்பாகப் பிறந்து அரசனைத் தீண்டியதும் அங்கே வருகின்றன. லோபத்தில் தொடங்கியது குரோதமாகி எத்தனை பிறவி ஓடியது! நீ இவனை இன்று அழித்தால் கணக்கு உன் பெயருக்கு மாறும். அவ்வளவே நடக்கும் என்பது அத்தேவனின் வாதம். தரணேந்திரன் கட்டை அவிழ்க்கிறான். நல்லவன் கையிலிருந்து தீயவனைக் காப்பாற்றுவதற்கு ஒரு முழுப் புராணம் சொல்லப்படுகிறது என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே.

அதனால்தான் பேரனுக்கு அன்று நாம் சொன்ன விடை தவறு. ஷெண்டு திரும்பி வருவான். தொடரிலேயே அவன் எத்தனை முறை அடைக்கப்பட்டு எத்தனை முறை வந்தான்! அடைக்கப்பட்ட இடத்தில் அவன் வன்மம் மேலும் முதிர்ந்தது. கடைசியில் மகனும் உடன் சேர்ந்தான். பகைக்கு வைரம் என்றும் ஒரு பெயர் உண்டு. அச்சொல்லே எளிதில் தேயாத மணிக்கும் பெயராக வழங்குகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதனை மறைத்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. நம் திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியில் கட்டியங்காரன் திருந்தவில்லையே? நம்பி நாட்டை ஒப்படைத்த சச்சந்தனைக் கொன்றவன் அவன். சீவகன் அவனைப் போரில் கொன்றான். பார்சுவநாதரின் பொறையைச் சொல்லிவிட்டுச் சீவகனின் வாளை விட்டுவிடலாமா? இல்லறத்தானுக்கு விரோதி ஹிம்சை முழுதும் விலக்கப்படவில்லை. நாட்டையும் மக்களையும் காக்க வேண்டிய அரசனுக்குத் துறவியின் விரதத்தை விதிக்கவில்லை. ஜாக்கியும் அங்கிளும் துறவிகளல்லர்; ஊரை எரிக்க வருபவனைத் தடுத்துத்தான் ஆக வேண்டும். தடுப்பதை நாம் குறை கூறவில்லை. தடுத்த பின்பு அவனைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதே வினா. அத்துடன் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். தோரு உடைத்த கடைகளின் உரிமையாளர்களிடம் அவன் ஆலோசனையும் பிரதிக்ரமணமும் செய்ததாகத் தொடர் காட்டவில்லை. அது தொடரின் குறையே. திருந்துதல் என்பது பக்கம் மாறுவதன்று. நேற்று எதிரிக்காக உடைத்த கதவை இன்று நமக்காக உடைக்கிறான் என்றால் அதில் எவ்வளவு திருத்தம் உண்டு? மருந்து அரைத்த நாட்களில்தான் அவன் மெய்யாகவே மாறினான் என்பது நம் எண்ணம்.

இனி நம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. சொல்லாமல் இக்கட்டுரையை எழுதினால் அது மாயை என்னும் மூன்றாம் கஷாயத்தில் சேரும்.

1984ஆம் ஆண்டில் நாம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பொறுப்பாசிரியையாக இருந்தோம். அந்நாளில் சஞ்சாயிகா என்னும் மாணவர் சேமிப்புத் திட்டம் பள்ளிகளில் நடந்தது. பிள்ளைகள் நாலணா எட்டணாவாகக் கொண்டுவருவதைக் குறிப்பேட்டில் பதிந்து வைப்போம். ஒருநாள் மேசையிலிருந்த சேமிப்புத் தொகையில் 62 ரூபாய் காணாமற் போயிற்று. பதினொரு வயதுப் பையன் ஒருவன் எடுத்திருந்தான், மறுநாளே அகப்பட்டுக்கொண்டான். “திருப்பித் தந்துடுறேன் டீச்சர்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. ஏன் எடுத்தாய் என்று நாம் பலமுறை கேட்டோம். கேட்டது அறிவதற்காக அன்று. அவனை எல்லோர் முன்பும் குறுக வைப்பதற்காக. விடையை எதிர்பார்த்துக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான். தலைமையாசிரியர் நம்மை அழைத்து, இவனை வைத்துக்கொள்ளலாமா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். ஒரு பழம் கூடையைக் கெடுக்கும் என்றோம். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்னும் இடத்தில் எவருக்கும் நன்று என்று எழுதுவதே வழக்கம். நாம் திருப்தியில்லை என்று எழுதினோம். தாயார் வராந்தாவில் நின்று அதை வாங்கிக்கொண்டு போனார். படிக்கத் தெரிந்தவரா என்பதும் நமக்குத் தெரியாது.

அன்று நாம் செய்தது ஷெண்டுவுக்குச் செய்ததைத்தான். கல்லாக்கிக் கதவைச் சாத்தினோம். அப்பையன் செய்தது 62 ரூபாய்க் களவு. அதனைக் கற்கோடு என்று தீர்மானித்தவர் நாம். அவன் மனத்தில் அது மணற்கோடாகவே இருந்திருக்கக்கூடும். நாம் எழுதிய சொல்தான் மையில் இருந்தது.

நம் சாத்திரத்தில் பவ்யர், அபவ்யர் என்னும் பாகுபாடு உண்டென்பது உண்மை. எத்தனை வேகவைத்தாலும் வேகாத பயறு போல, ஒருபோதும் வீடடையாத ஆன்மாக்கள் உண்டு என்கிறது ஆகமம். இதனைச் சிலர் எடுத்துக்காட்டி, தீயோர் திருந்தார் என்பர். பயறு ஊறவைக்கும் எவரும் அறிவர்: ஊறப்போடும்போது வேகாத பயறு எது என்று கண்ணால் தெரியாது. எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அடுப்பில் ஏற்றுகிறோம். யார் அபவ்யர் என்று கேவலியே அறிவார். ஆறாம் வகுப்பு ஆசிரியை அறிய மாட்டாள்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுக்கும் சான்றோர் எண்மரை நம் பிள்ளைகள் அருங்கலச்செப்பில் படிக்கிறார்கள். முதல் அங்கமாகிய ஐயமின்மைக்குச் சான்றாக நிற்பவன் அஞ்சனசோரன், ஒரு திருடன்! வேறு உத்தமர் கிடைக்காமலா அவனை முதலில் வைத்தார்கள்? ஐந்தாம் அங்கமாகிய குற்றம் மறைத்தலுக்குச் சான்று ஜினேந்திரபக்தன் என்னும் வணிகர். அவருடைய மாளிகைச் சைத்தியாலயத்தில் பார்சுவநாதர் குடையிலிருந்த மணியை விரதியாக வேடமிட்டு வந்த கள்வன் ஒருவன் கவர்ந்தோடினான். காவலர் துரத்தினர். வணிகர், என் சொற்படியே அவர் கொண்டுவந்தார் என்று கூறிக் காவலரை அனுப்பிவிட்டார். பின்பு தனியே கண்டித்து அவனை வெளியேற்றினார். விரதியின் வேடத்திற்கு, அறத்திற்கு, பழி வரலாகாது என்பதே அவர் கருத்து என்று உரைகாரர் கூறுவர். அது சரியே. ஆயினும் எல்லோர் முன்பும் மறைத்து, தனியே கண்டித்த அம்முறையில் கள்வனுக்கும் ஒரு வழி திறந்திருந்தது. அவன் அவ்வழியே சென்றானா என்பதைக் கதை சொல்லவில்லை. ஆறாம் அங்கமாகிய நிலைநிறுத்தலுக்கு வாரிஷேணர் சான்று; தவத்தில் தளர்ந்த தோழனை அவர் விட்டுவிடாமல் மீண்டும் நிலைநிறுத்தினார். இவ்விரண்டு அங்கங்களையும் வகுப்பில் பல ஆண்டுகள் நாம் கற்பித்திருக்கிறோம். 1984இலும் நம் சமூகப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கற்பித்துக்கொண்டுதான் இருந்தோம்.

குழந்தைக்கு நாம் இவ்வளவும் சொல்லவில்லை, ஐந்து வயது. ஷெண்டுவை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேட்டாள் அல்லவா, யாரும் அவனைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை அம்மா என்றோம். “கூப்பிட்டா வந்திருப்பானா?” என்றாள். தெரியாது என்றோம். பேரன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தான். அவன் சிறுவனாயிருந்தபோது எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று நாம் விடை சொன்னதில்லை.

ஆனைமலைப் பக்கம் வெயில் மஞ்சளித்துவிட்டது. குழந்தைக்கு உணவு எடுத்து வைக்க எழுந்தோம். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும்.